சிஸ்டரின் விரல் தட்டிய கணக்கு

“கொட்டாஞ்சேனைச் சத்தத்தில வளர்ந்த காது. இதுக்குப் பிள்ளையின்ர இதயம் கேக்குமோ?”

நான் பிரசவ அறைக்கு மாற்றப்பட்ட முதல் காலையில் சிஸ்டர் புவனேஸ்வரி கேட்ட கேள்வி இது. என்னிடம் கேட்கவில்லை. என்னைக் கூட்டி வந்த மேட்ரனிடம், நான் பக்கத்தில் நிற்காதது போலக் கேட்டார். மேட்ரன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அவர் சொன்னதில் பிழை இல்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே தகரம் தட்டும் கடை. முன்னால் துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் ஹோர்ன். ஒரு பக்கம் கோயில் ஒலிபெருக்கி, மறுபக்கம் தேவாலய மணி. அந்த வீட்டில்தான் நான் ஓ.எல். படித்தேன், பிறகு ஏ.எல். படித்தேன். அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. அம்மா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. நான் பதிவு பெற்ற தாதியான நாளில் சான்றிதழை விரித்துக் காட்டியபோது அப்பா, “இதுல உன் பேரு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டு, அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்தப் பெயரைக் கொண்டு வந்து நின்றவளிடம் காதைப் பற்றிக் கேட்டால் கோபம் வராதா?

“கேக்கும் சிஸ்டர்,” என்றேன்.

“பாப்பம்,” என்றார் அவர்.

எங்கள் பயிற்சிப் பள்ளியின் பழைய மாணவிகள் நடத்தும் சஞ்சிகையில் இந்தப் பக்கத்தை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தேழு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சீருடையைக் கழற்றிவிட்டேன். இப்போது வெள்ளவத்தையில் ஓர் ஒழுங்கைக்குள் பிள்ளைகளுக்கு விஞ்ஞான டியூஷன் எடுக்கிறேன். என்னை எழுதச் சொன்னவள் ஷாமினி. என்னோடு கடைசியாக வேலை செய்த இளம் தாதிகளில் ஒருத்தி. அவர்களுடைய வைத்தியசாலையில் அண்மையில் ஒரு சுற்றறிக்கை கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உடல்நிலையாலோ பழக்கத்தாலோ ஒருவர் நோயாளிக்கு ஆபத்தாக வேலை செய்கிறார் என்று தெரிந்தால், கூட வேலை செய்பவர் அதை அறிவித்தே ஆகவேண்டும். அறிவிக்காமல் இருந்தால் அதுவும் குற்றம்.

“அக்கா, எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் முழிச்சு முழிச்சுப் பாக்கினம்,” என்றாள் ஷாமினி. “நீங்க ஒருக்கா செய்தனீங்கள்தானே. அது சரிதானே?”

சரிதான். அதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. சரியைச் செய்த பிறகும் ஏன் மனம் இப்படிக் கிடக்கிறது என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நாங்கள் வேலை செய்தது கொழும்பில் ஒரு சிறிய தனியார் வைத்தியசாலை. பிரசவ அறையில் இரண்டு கட்டில்கள். வயிற்றில் பட்டி கட்டிக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தாளில் வரையும் இயந்திரம் ஒன்றுதான். வந்தவுடன் ஒரு தாய்க்கு அதைக் கட்டுவோம். மற்றத் தாய் வந்தால் கழற்றி அங்கே கொண்டு போவோம். இடையில் காதால்தான் கேட்க வேண்டும். அதற்குப் பினார்ட் என்று ஒரு குழல். ஒரு முனை அகன்று, மறுமுனை தட்டையாக, கைக்குள் அடங்கும் மரக்குழல். அகன்ற முனையை வயிற்றில் வைத்து, தட்டை முனையில் காதை அழுத்தினால் உள்ளே இருக்கும் இதயம் கேட்கும். கேட்கப் பழகியவர்களுக்குக் கேட்கும். கையடக்கமாக டொப்ளர் என்ற ஒலிக்கருவியும் அலுமாரியில் இருந்தது. “காதில்லாதவைக்கு அது,” என்பார் சிஸ்டர்.

அவர் அறையில் ஒரு முறை இருந்தது. வேறெங்கும் நான் அதைக் காணவில்லை. சிஸ்டர் குனிந்து குழலில் காதை வைப்பார். கையை எடுத்துவிடுவார், காதின் பாரத்தில்தான் குழல் நிற்க வேண்டும். கண்ணை மூடுவார். கேட்கும் ஒவ்வொரு துடிப்புக்கும் வலது ஆட்காட்டி விரலால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். எதிரே நிற்கும் இளையவள் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி அந்தத் தட்டலை ஒரு நிமிடம் எண்ணி, எண்ணிக்கையைச் சொல்லி, எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்.

ஏன் ஒருவரே கேட்டு எண்ணக்கூடாது என்று நான் கேட்டேன்.

“கேக்கிறவள் கணக்கும் பாத்தா, பிறகு கணக்குத்தான் கேக்கும். இதயம் கேக்காது. நூற்றி நாப்பது வரவேணுமெண்டு மனசு சொன்னா நூற்றி நாப்பது வந்திடும். அதாலதான் இரண்டு பேர்.”

நல்ல முறை. இன்றைக்கும் சொல்வேன். அதில் ஓர் ஓட்டை இருந்ததை அவரும் அறியவில்லை, நாங்களும் அறியவில்லை. எண்ணுகிறவள் உண்மையாகவே எண்ணினாள். எழுதுகிறவள் உண்மையாகவே எழுதினாள். தட்டுகிற விரலை மட்டும் யாரும் சோதிக்கவில்லை.

முதல் மாதம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. தாயின் குடல் சத்தம், என் சொந்தக் காதுக்குள் ஓடும் இரத்தம், வெளியே பஸ். சிஸ்டர் பொறுமைசாலி அல்ல. “இன்னும் லொறிதான் கேக்குதோ?” என்று தாய்மாருக்கு முன்னாலேயே கேட்பார். பிறகு ஒருநாள் மதியம், எல்லாச் சத்தத்துக்கும் அடியில், தூரத்து அறையில் யாரோ துணி அலசுவது போல அவசரமாக ஒன்று கேட்டது. என் விரல் தானாகத் தட்டத் தொடங்கியது. சிஸ்டர் எண்ணினார். ஒரு நிமிடம் முடிந்ததும் மணிக்கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “கொட்டாஞ்சேனைக் காது பரவாயில்லை,” என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனேனா, பஸ்ஸில் போனேனா என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

அதற்குப் பிறகு பல வருடங்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முகக்கவசக் காலம் வந்தபோது சிஸ்டருக்குக் கோபம் கூடியது. “வாயை மூடிக்கொண்டு கதைச்சா ஆருக்கு விளங்கும்?” என்று தாதிகளிடம் எரிந்து விழுந்தார். துணிக்குள்ளிருந்து வரும் குரல் எல்லோருக்குமே மங்கலாகத்தான் கேட்டது. அதனால் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொலைபேசி அடித்தால், “நீ கதை பிள்ளை, எனக்கு வேலை கிடக்கு,” என்பார். மருத்துவர் சுற்று வரும்போது என்னை இடப்பக்கம் நிறுத்திக்கொள்வார். இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்தால் ஒன்றுமே இல்லை.

பர்ஹானா கொம்பனித்தெருவிலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்தாள். அவளுடைய உம்மா வெளியே பிளாஸ்க்கோடு இருந்தார். நல்ல வெயில் நேரம். இயந்திரம் மற்றக் கட்டிலில் இருந்தது. பர்ஹானா பகிடிக்காரி. வலிக்கும் வலிக்கும் இடையில், “மிஸ், இவர் இப்பவே உதைக்கிற உதைக்கு, வெளிய வந்தா வாடகை கேட்பார் போல,” என்றாள்.

பிறகு பகிடி நின்றது. வலி நெருங்கி வந்தது. சிஸ்டர் குனிந்தார். காதை வைத்தார். விரல் தட்டத் தொடங்கியது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

எண்ணிக்கொண்டிருக்கும்போது பர்ஹானாவின் வயிறு இறுகி எழுவதை ஓரக்கண்ணால் கண்டேன். நல்ல வலி. அப்படி ஒரு வலியில் உள்ளே இருக்கும் இதயம் சும்மா இருக்காது. கொஞ்சம் தடுமாறும், விரையும், இறங்கும், திரும்ப ஏறும். உயிருள்ள ஒன்று இறுக்கிப் பிடிக்கப்பட்டால் அப்படித்தான். ஆனால் சிஸ்டரின் விரல் தடுமாறவில்லை. வலிக்கு முன் எப்படித் தட்டியதோ அப்படியே, தையல் இயந்திரம் போல, ஒரே சீராகத் தட்டிக்கொண்டிருந்தது. வலி உச்சிக்குப் போய் இறங்கியும் அதே தட்டல்.

“நூற்றி நாற்பது,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நல்லா இருக்கு,” என்று நிமிர்ந்தார்.

எழுதவில்லை. அலுமாரியைத் திறந்து டொப்ளரை எடுத்தேன். சிஸ்டர் என்னைப் பார்த்தார். வயிற்றில் வைத்தேன். துணி அலசும் அவசரம் இல்லை. ஒன்று. பிறகு காத்திருக்க வைத்து இன்னொன்று. தாயின் நாடியோ என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அது வேகமாக ஓடியது. இது அவளுடையது அல்ல.

“மிஸ், ஏன் மெதுவாக் கேக்குது?” என்று பர்ஹானா கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது பயிற்சி பெற்ற யாரும் செய்வதுதான். இடப்பக்கம் திருப்பினோம், ஒட்சிசன் வைத்தோம், மருத்துவர் ஓடிவந்தார், தியேட்டருக்குக் கொண்டு போனோம். சிஸ்டர்தான் கட்டிலைத் தள்ளினார்; அந்த வேகத்துக்கு எங்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தில் இறுகியிருந்தது. குழந்தை உடனே அழவில்லை. பிறகு அழுதது. ஆண் குழந்தை. உம்மா வெளியே எல்லோருக்கும் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். மருத்துவர் போகும்போது சிஸ்டரின் தோளைத் தட்டி, “நல்ல நேரத்துக்குக் கண்டுபிடிச்சீங்க,” என்றார்.

சிஸ்டர் தலையாட்டினார். மருத்துவர் முகக்கவசம் போட்டிருந்தார்.

மறுநாள் காலை கருவிகளை அவிக்கும் சின்ன அறையில் சிஸ்டர் தனியாக இருந்தார். கதவைச் சாத்தி, என் முகக்கவசத்தை இறக்கினேன். அவருடைய கண் உடனே என் வாய்க்கு வந்தது. அப்போதே எல்லாம் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

“சிஸ்டர், நேத்து அந்தப் பிள்ளையின்ர சத்தம் உங்களுக்குக் கேட்டதா?”

“கேக்கேல்லை.”

அவ்வளவு நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“எவ்வளவு காலமா?”

“வலது காது முதலே போயிட்டுது. மற்றது எவ்வளவு போயிட்டுதெண்டு, நீங்களெல்லாம் வாயை மூடின பிறகுதான் எனக்கே தெரிஞ்சது.”

“அப்ப தட்டினது?”

அவர் தன் விரலைப் பார்த்தார். “உன்னை ஏமாத்தத் தட்டேல்லை ஜெசிந்தா. குனிஞ்சு கண்ணை மூடினா எனக்குக் கேக்குது. இவ்வளவு காலமாக் கேட்டது, அது பாட்டுக்குக் கேக்குது. விரல் தட்டுது. நேத்து நீ டொப்ளரை வைக்கும் வரைக்கும் நான் கேட்டனான் எண்டுதான் நினைச்சனான்.”

பொங்கலுக்குப் பிறகு தானே மேட்ரனிடம் சொல்வதாகச் சொன்னார். கணவர் பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து பாமன்கடை வீட்டில் இருக்கிறார். அதற்குள் அவருக்கு ஓர் ஒழுங்கு செய்ய வேண்டும்.

“அதுவரைக்கும் பிரசவ அறைக்குள்ள வராம இருப்பீங்களா?” என்று கேட்டேன்.

“வராம வேற எங்க போறது?”

“அப்ப நான் இண்டைக்குச் சொல்லப் போறன் சிஸ்டர்.”

அவர் மேசையில் இருந்த கோப்பையை என் பக்கம் தள்ளினார். “சொல்லு. முதல் தேத்தண்ணியைக் குடி. ஆறுது.”

குடித்தேன். அந்தத் தேநீரில் சீனி கூடப் போட்டிருந்தார், எனக்கென்று. அவர் சீனி போடுவதில்லை.

மேட்ரன் சிங்களப் பெண்மணி. தமிழும் நன்றாகப் பேசுவார். கேட்டு முடித்ததும் முதலில் சிங்களத்தில், “மொக்குத் வுணே நேனே,” என்றார். ஒன்றும் நடக்கவில்லையே என்று அர்த்தம். “பேபி ஓகே, மதர் ஓகே. டொக்டர் சந்தோசம். நீ என்னத்துக்கு மிஸ் இதை எழுதுற?”

“அடுத்த முறை நான் எண்ணிக்கொண்டு நிற்க மாட்டேன் மேடம். வேற யாரோ நிற்பாங்க. அவங்க நூற்றி நாற்பது என்று எழுதுவாங்க.”

அவர் மேசைக் கண்ணாடியை விரலால் துடைத்தார். “டெலிஃபோன் கேர்ள் சொன்னா, சிஸ்டர் போன் எடுக்கிறது இல்ல. வார்ட் அட்டென்டன்ட் சொன்னா, கூப்பிட்டாத் திரும்புறது இல்ல. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஃபுல்லாத் தெரிஞ்சது உனக்கு மட்டும். பாவம் நீ.” பிறகு, “எழுது,” என்றார்.

எழுதினேன். படிவத்தில் கேட்டிருந்தது எல்லாம் ஒரே கேள்விதான்: இவர் வேலைக்குத் தகுதியானவரா, இல்லையா? எந்த வேலைக்கு என்று கேட்டிருந்தால் எனக்கு எழுத நிறைய இருந்தது. சிஸ்டரின் கைகளைப் பற்றி எழுதியிருப்பேன். வயிற்றில் இரண்டு உள்ளங்கைகளை வைத்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம், தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அவர் சொன்னால், ஸ்கான் பிறகு வந்து ஒப்புக்கொள்ளும். கர்ப்பிணிகளைப் பார்க்கும் கிளினிக்கில் அவரை இருத்தியிருக்கலாம். காதுக்கு ஒரு கருவி வாங்கிப் பார்த்திருக்கலாம். நான் மேட்ரனிடம் இதை வாயால் சொன்னேன். பிறகு விசாரிக்க வந்த அதிகாரிகளிடமும் சொன்னேன். “அது எங்கட விசயமில்லை மிஸ்,” என்றார்கள்.

சிஸ்டரின் காதைச் சோதித்தார்கள். அதே வாரம் கன்டீனில் கேக் வெட்டினார்கள். பலகையில் ‘ஓய்வு வாழ்த்துகள்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் பேசினார்கள், முகக்கவசத்தோடு. சிஸ்டர் எல்லாப் பேச்சுக்கும் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தார். கேக் துண்டை எனக்கும் தந்தார்.

அதற்குப் பிறகு என்னைக் கண்டால், “ஜெசி மிஸ் வாறா, காதைக் கழுவுங்கோடி,” என்று ஒரு குரல் வரும். எல்லோரும் சிரிப்பார்கள். அதைத் தாங்கினேன். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் ஒரு பேச்சா? பர்ஹானா மகனைத் தடுப்பூசிக்குக் கொண்டு வந்தபோது, “அந்தப் பெரிய சிஸ்டர் எங்க? அவங்கதானே என் பிள்ளையைக் காப்பாத்தினது,” என்று கேட்டாள். ஓய்வு பெற்றுவிட்டார் என்றேன். அதையும் தாங்கினேன்.

தாங்க முடியாமல் போனது வேறு. ஓர் இளம் தாதிக்கு வேலையில் ஊசி குத்திவிட்டது. கல்லீரல் நோயாளிக்குப் போட்ட ஊசி. உடனே சொன்னால் மருந்து உண்டு. அவள் சொல்லவில்லை. கை வீங்கி நான் பார்த்துக் கேட்டபோதுதான் அழுதாள். ஏன் சொல்லவில்லை என்றேன்.

“நீங்க எழுதிப்போடுவீங்க மிஸ். என்னையும் அனுப்பிப்போடுவினம்.”

நல்லவேளை, அவளுக்கு நோய் தொற்றவில்லை. ஆனால் அன்றைக்கு விளங்கியது. நான் எழுதியதால் ஓர் ஆபத்து நின்றது. அதைப் பார்த்தவர்கள் மற்றதையெல்லாம் மறைக்கப் பழகிவிட்டார்கள். நான் நின்ற வார்ட்டில் தலைவலி என்றுகூட ஒருத்தி வாய் திறந்து சொல்லவில்லை. சிஸ்டருக்கு நடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கேட்காத காதைச் சொன்னால் என்ன கிடைக்கும்? கேக் கிடைக்கும். அடுத்த வருடம் நான் பதிவைப் புதுப்பிக்கவில்லை. அப்பா மட்டும், “அந்தப் பேரு போட்ட பேப்பரு என்னாகும்?” என்று கேட்டார். அது இருக்கும் அப்பா என்றேன்.

ஷாமினியும் மற்ற இளம் தாதிகளும் இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். சுற்றறிக்கையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். சொல்ல வேண்டியதைச் சொல்வேன்: தெரிந்தால் சொல்லுங்கள், காத்திருக்காதீர்கள், வயிற்றுக்குள் இருப்பவனுக்குப் பொங்கல் வரைக்கும் நேரம் இல்லை. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கினால், இன்னும் ஊசிக் காயங்களை மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தவளாவேன்.

அதனால் போன வாரம் பாமன்கடைக்குப் போனேன். மணியை அழுத்தினேன். சத்தம் கேட்கவில்லை. அவருக்கு எப்படிக் கேட்கும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. திரும்பிவிடலாமா என்று நின்றேன். கண்ணாடி ஜன்னலுக்குள்ளே ஒரு பல்ப் மின்னி மின்னி அணைந்தது. மணியோடு பல்ப்பைப் பூட்டியிருக்கிறார்கள்.

சிஸ்டர் கதவைத் திறந்தார். காதுக்குப் பின்னால் கருவி இருந்தது. தலைமுடி முழுக்க வெள்ளை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆர் செத்தது?” என்றார்.

“ஒருத்தரும் இல்லை சிஸ்டர்.”

“அப்ப ஏன் உந்த முகம்? உள்ள வா. இவர் நித்திரை.”

நான் விசயத்தைச் சொன்னேன். வகுப்புக்கு என்னோடு வர வேண்டும். காது போவதை ஒருவர் எப்படித் தன்னிடமிருந்தே மறைப்பார் என்பதை அவர் சொல்ல வேண்டும். பிறகு கைகளால் வயிற்றைப் பார்க்கும் விதத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

“என்னைக் கண்காட்சிக்குக் கொண்டு போறியோ?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு?”

“நான் தனியச் சொன்னா, காட்டிக்குடுத்தவளின்ர கதைதான் அவங்களுக்குக் கேக்கும். உங்கட கதை கேக்காது.”

அவர் எழுந்து போய்த் தேநீர் போட்டு வந்தார். “நான் உன்னை ஒருநாளும் பிழை சொன்னதில்லை,” என்றார் கடைசியில். “ஆனா அந்தக் கேக்கை நான் விழுங்கேல்லை பிள்ளை. தொட்டிக்குள்ள துப்பினனான்.” வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, “உன்ர காதைச் சோதிச்சனியோ?” என்று மட்டும் கேட்டார். சோதித்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். “பாப்பம்,” என்றார்.

நேற்று வகுப்பு நடக்கப்போகும் மண்டபத்துக்குப் போய்ப் பொறுப்பாளரைக் கண்டேன். மின்விசிறியை நிறுத்திவிடச் சொன்னேன். கேள்வி கேட்கிறவர்கள் முன்னால் வந்து, முகத்தை மறைக்காமல் கேட்க வேண்டும் என்று அறிவித்தலில் எழுதுவித்தேன். மேடையில் இரண்டு கதிரை போடச் சொல்லி, ஒன்றைப் பிடித்து, பேசுகிறவர்களின் வாய் தெரியும் பக்கமாக நானே திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.